தெர்னாவின் புகைபோக்கி

ஓர்ஹுஸ்,
27 ஜூன் 1983

அன்புள்ள தோர்கில்,

உங்கள் தீவின் மணல் இன்னும் என் செருப்பிலிருந்து கொட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் வடிவமைப்பு ஸ்டுடியோவின் தரையைப் பெருக்கும்போதெல்லாம் ஸ்கார்ஹோல்ம் கொஞ்சம் கிடைக்கிறது. நடுக்கோடைச் சொக்கப்பனைக்கு எங்கள் ஆறு பேரையும் அழைத்து, மீனும் சாராயமும் கொடுத்து, தொண்டை கட்டும்வரை பாடவும் விட்டதற்கு நன்றி. உங்கள் கேப்டன் எவால்டின் குரலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அந்தக் கப்பலுக்குத் தனியாகச் சங்கு எதற்கு என்று மட்டும் யோசித்தேன்.

இனி வேலைக்கு வருகிறேன். தீவில் பாதிப்பேர் உங்கள் கப்பல் கம்பெனியின் பங்குதாரர்கள். மேலாளரான நீங்கள் கடைத்தெருவில் நடந்தாலே பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். அதனால் தெளிவாக எழுதுகிறேன். டிக்கெட், கால அட்டவணை, துறையின் பெயர்ப்பலகை எல்லாம் ஜூலை விடுமுறை முடிந்ததும் உங்கள் கைக்கு வரும். கப்பலின் நிறம் இப்போதே முடிவாகிவிட்டது. அன்று மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தபோது வானமும் கடலும் ஒன்றாகிக் கிடந்தனவே, வெள்ளியை நீலத்தில் கரைத்த மாதிரி, அதுதான். மாதிரி அட்டையை இதனுடன் வைத்திருக்கிறேன். உடம்பிலிருந்து புகைபோக்கி வரை ஒரே நிறம். பழைய சிவப்புப் புகைபோக்கிக்கு விடை கொடுத்துவிடுவோம். தெர்னா என்று கடற்பறவையின் பெயரை வைத்துக்கொண்டு தீயணைப்பு வண்டி போல நிற்க வேண்டாம்.

அந்த நிறத்தை முதலில் கை காட்டியது யார் என்று கேட்டீர்கள். நான் சிரித்து மழுப்பினேன். இப்போது முறையாகச் சொல்கிறேன். எங்கள் ஸ்டுடியோவில் எதை யார் வரைந்தார் என்று வெளியே சொல்வதில்லை. எல்லாம் ஸ்டுடியோவின் வேலை. உங்களுக்குப் பிடித்தது ஆறு பேரும் வரைந்தது. பிடிக்காதது நான் வரைந்தது. அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ரிக்மோர்


ஸ்கார்ஹோல்ம்,
16 நவம்பர் 1983

திருமதி ரிக்மோர் டால்ஸ்கோர் அவர்களுக்கு,

கோடையில் உங்களை ரிக்மோர் என்று எழுதினேன். இன்று கை அதற்கு வரவில்லை.

கப்பல் பட்டறையிலிருந்து புதுப்பூச்சோடு அக்டோபரில் வந்தது. அன்றைக்கு வெயில். ஊரே துறைக்கு வந்து பார்த்தது. அழகாக இருக்கிறது என்று நானும் சொன்னேன், மறுக்கவில்லை. பிறகு மூடுபனி வந்தது. எங்கள் ஊரில் அது வந்தால் மார்ச்வரை விருந்தாளி. கடல் சாம்பல், வானம் சாம்பல், கப்பலும் சாம்பல். இப்போது தெர்னா எங்கே இருக்கிறது என்று எவால்டுக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் அவர் அதற்குள் நிற்பதால்.

துறையில் பெட்டிக்கடை வைத்திருக்கும் தாக்னியை உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் ஆட்களுக்குச் சாஸேஜில் கடுகு அள்ளி வைத்தாளே, அவள்தான். மணல்திட்டைத் தாண்டிச் சிவப்புப் புகைபோக்கி தலைகாட்டினால் அவள் காபிக்கு அடுப்பை ஏற்றுவாள், சாஸேஜைத் தண்ணீரில் போடுவாள். கப்பல் துறையைத் தொடும்போது எல்லாம் சூடாக இருக்கும். கடிகாரத்தை நம்பிப் பயன் இல்லை, காற்றைப் பொறுத்துக் கப்பல் முன்பின்னாகத்தான் வரும். தபால்காரர், டாக்ஸிக்காரர், பள்ளிக்கூடத்தார் எல்லாரும் இப்படித்தான் அந்தப் புகைபோக்கியைப் பார்த்து நேரம் வைத்திருந்தார்கள். இப்போது சங்கு ஊதினால்தான் தெரிகிறது. சங்கு ஊதும்போது கப்பல் துறைக்குள் வந்துவிட்டது. இறங்குகிறவர்கள் காபியும் இல்லாமல் டாக்ஸியும் இல்லாமல் காற்றில் நிற்கிறார்கள். தாக்னி நேற்று என் அலுவலகத்துக்கே வந்து கேட்டாள்: "நான் அடுப்ப மூட்டவா, இல்ல ஆருடம் பாக்கவா?"

மீன்கடை ஹோல்கர் எங்கள் நிர்வாகக் குழுவின் தலைவர். அவர் வாயைத் திறந்தால் ஊர் சிரிக்கும். கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது என்னைப் பார்த்து, "தோர்கில், இன்னிக்குக் கப்பல் நெசமாவே வந்துச்சா, இல்ல நீ சொன்னா நாங்க நம்பிக்கணுமா?" என்கிறார். பேய்க்கப்பல் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

உங்களிடமிருந்து எனக்கு இரண்டு காரியம் ஆக வேண்டும். ஒன்று, இந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தவரின் பெயர். இரண்டு, அவர் இனி எங்கள் வேலையில் கை வைக்கக் கூடாது. பிப்ரவரியில் நிர்வாகக் குழு கூடுகிறது. அதற்குள் இது நடக்காவிட்டால் எங்கள் வேலை வேறு இடத்துக்குப் போகும். கோபன்ஹேகனிலிருந்து ஒரு கம்பெனி ஏற்கனவே எழுதியிருக்கிறது.

தோர்கில் பிஸ்கோர்


ஓர்ஹுஸ்,
21 நவம்பர் 1983

அன்புள்ள தோர்கில்,

நீங்கள் சொன்னது சரி.

இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். நாங்கள் ஜூனில் வந்தோம், ஜூனில் பார்த்தோம், ஜூனுக்காக ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்தோம். வருடத்தில் சில வாரம் மட்டும் இருக்கிற வெளிச்சத்தை நம்பி, மிச்ச மாதம் முழுக்க ஓடுகிற கப்பலுக்குச் சாயம் பூசிவிட்டோம். இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த ஆறு பேர் செய்த காரியம் இது. வெயில் வந்ததும் எங்களுக்குப் புத்தி மயங்கிவிடுகிறது. வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

திரும்பப் பூசும் செலவு எங்களுடையது. அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

பெயர் தர மாட்டேன்.

கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். அந்த நிற மாதிரி அட்டையில் ஒப்புதல் கையெழுத்து என்னுடையது. ஸ்டுடியோக் கதவில் இருக்கும் பெயரும் என்னுடையது. யாரையாவது விலக்கியே ஆக வேண்டும் என்றால் என்னை விலக்குங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. எங்கள் மேசைகளில் வேலை செய்கிற ஒருவரைக் கழுத்தைப் பிடித்து உங்கள் முன்னால் நிறுத்துவது மட்டும் என்னால் ஆகாது.

இதைச் சொல்வது எனக்கு எளிது என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஸ்டுடியோவில் பாதி அடுப்பு உங்கள் கப்பலால்தான் எரிகிறது. நீங்கள் போனால் ஆறு பேரில் மூன்று பேரை நான் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

ரிக்மோர்


ஸ்கார்ஹோல்ம்,
2 டிசம்பர் 1983

திருமதி டால்ஸ்கோர் அவர்களுக்கு,

செலவை ஏற்றுக்கொண்டது நல்லது. பெயரைத் தராதது நல்லதல்ல.

தெர்னாவின் சாப்பாட்டு அறைக் கதவில் ஒரு கரும்பலகை இருக்கிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் சுக்கானில் நிற்பவர் பெயரைச் சாக்பீஸில் எழுதுவோம். எவால்டின் பெயர், அல்லது உதவிக் கேப்டன் பெயர். துறையில் இடித்தால் யார் இடித்தார் என்று பயணிகள் எல்லாருக்கும் தெரியும். பனிக்கட்டிக்கு நடுவே பத்திரமாகக் கொண்டுவந்தால் அதுவும் எல்லாருக்கும் தெரியும். என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். பெயர் எழுதாத கப்பலில் நான் ஏற மாட்டேன். பெயர் சொல்லாத ஸ்டுடியோவை எப்படி நம்புவது?

கோபன்ஹேகன் ஆட்கள் போன வாரம் வந்தார்கள். நீளக் கோட்டுப் போட்ட இரண்டு பேர். நல்ல காற்று. ஒருவர் காலையில் சாப்பிட்டதை எல்லாம் எவால்டின் கைப்பிடிக் கம்பியில் விட்டுவிட்டுத்தான் இறங்கினார். ஆனால் இறங்கியதும் இரண்டு பேரும் பெயர் அட்டையை நீட்டினார்கள்.

பிப்ரவரிக் கூட்டம் முடியும்வரை எழுத வேண்டாம்.

தோர்கில் பிஸ்கோர்


ஓர்ஹுஸ்,
12 டிசம்பர் 1983

அன்புள்ள தோர்கில்,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன், ஆனால் சுருக்கமாக.

ஜனவரி 16ஆம் தேதி நாங்கள் ஆறு பேரும் ஸ்கார்ஹோல்முக்கு வருகிறோம். எல்லாரையும் போல டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறோம். வரவேற்க வேண்டாம், சூப் வேண்டாம், சாராயம் நிச்சயமாக வேண்டாம். விடுதியில் அறை சொல்லிவிட்டேன். விடுதிக்கார அம்மா, "ஜனவரியிலயா? உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் எழுதிக்கொண்டார்.

இருப்பதிலேயே மோசமான நாளில் உங்கள் துறையில் நின்று எங்கள் வேலையை எங்கள் கண்ணால் பார்க்கப் போகிறோம். அதைச் செய்யாமல் அடுத்த கோடு போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். இனி வரும் எந்த வேலையிலும் இப்படித்தான். நீங்கள் பிப்ரவரியில் எங்களை அனுப்பிவிட்டாலும் இந்த வழக்கம் எங்களோடு இருக்கும். அந்த அளவில் உங்களுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள்.

கப்பல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிறிஸ்துமஸை உங்கள் ஊருக்குக் கொடுத்துவிட்டோம். தாக்னியிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் என்ன பதில் சொன்னாலும் எனக்கு எழுத வேண்டாம்.

ரிக்மோர்


ஸ்கார்ஹோல்ம்,
24 ஜனவரி 1984

அன்புள்ள ரிக்மோர்,

கை மறுபடியும் அதற்கு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று எழுதுகிறேன். நீங்களும் அங்கேதான் நின்றீர்கள், ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

உங்களைப் பார்க்கக் கூடாது என்று அலுவலகத்திலேயே இருந்தேன். ஜன்னல் வழியாகத் துறை தெரியும். ஆறு பேர் வரிசையாக நின்றீர்கள், கம்பியில் உட்கார்ந்த காக்கைகள் மாதிரி. கப்பல் திரும்பி வரும் நேரம். மூடுபனி சுவர் மாதிரி நின்றது. நீங்கள் எல்லாரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், கப்பல் வந்துகொண்டிருந்தது, ஒருவருக்கும் தெரியவில்லை. எவால்டு சங்கை ஊதினார். உங்கள் எழுத்தோவியர், அந்த உயரமான ஆள், கோர்ம், குதித்தே விட்டார். அடுத்த நிமிடம் கப்பலின் மூக்கு உங்கள் தலைக்கு மேல் நின்றது.

எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. உள்ளதை எழுதுகிறேன். நவம்பரிலிருந்து மனத்துக்குள் ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். குளிக்கும்போது, ரொட்டி அறுக்கும்போது, அதை மெருகேற்றி மெருகேற்றி வைத்திருந்தேன். இதுதான் நேரம் என்று இறங்கி வந்தேன். வந்து உங்களைப் பார்த்து, "இப்பவாவது சொல்லுங்க, யார் வேலை இது?" என்று கேட்டேன். நீங்கள் உடனே, "ஸ்டுடியோவோட வேலை, என் வேலை" என்று ஆரம்பித்தீர்கள்.

அதற்குள் கடைசியில் நின்ற பெண் முன்னால் வந்தாள்.

"அந்த நெறத்த எடுத்தது நான். பேரு லிஸ்பெத். ஜூன்ல அது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துது. இப்பப் பாத்தா எனக்கே என்மேல கோவமா வருது. நீங்க திட்டறதா இருந்தா திட்டிடுங்க, ஆனா நான் போக மாட்டேன். சரி பண்ணிட்டுத்தான் போவேன்."

தலையில் ஒன்றும் போடவில்லை. காது இரண்டும் வேகவைத்த நண்டு போலச் சிவந்திருந்தது. உதடு நீலம். அந்த நீண்ட பேச்சு முழுவதும் என் வாயில் இருந்தது, ரிக்மோர். வந்தது ஒரே ஒரு சொற்றொடர்தான்: "தொப்பி எங்க?"

"பஸ்ல விட்டுட்டேன்" என்றாள்.

என் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தேன். அதற்கு மேல் திட்ட முடியுமா, தன் தொப்பியைப் போட்டிருக்கும் ஆளை?

பிறகு தாக்னி. இரண்டு மாதமாக ஊரில் எல்லாரையும்விட அதிகமாகக் கத்திக்கொண்டிருந்தவள். பெட்டிக்கடைப் பலகையைத் தூக்கி எட்டிப் பார்த்து, "நீதானா அந்தப் பேய்க்கப்பல்காரி? உள்ள வா. வெங்காயம் நறுக்கத் தெரியுமா?" என்றாள். நீங்கள் ஐந்து பேரும் மறுநாள் திரும்பிவிட்டீர்கள். லிஸ்பெத் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். காலையிலிருந்து இருட்டும்வரை தாக்னியோடு நிற்கிறாள். நறுக்கிய வெங்காயம் ஊருக்கே போதும். நாள் முழுக்கத் தாக்னி எதைப் பார்க்கிறாள், எப்போது தலை நிமிர்கிறாள் என்று கவனித்தபடி இருக்கிறாள். தாக்னி சொல்கிறாள்: "நான் கப்பலப் பாக்கறதே இல்லடி. தெரியும், அவ்வளவுதான்." லிஸ்பெத் கத்தியை வைத்துவிட்டு அதை நோட்டில் எழுதிக்கொண்டாளாம்.

இப்போது உங்களுக்கு ஒன்று. நீங்கள் இந்தப் பெண்ணை மறைத்து வைத்தீர்கள். நல்ல மனத்தோடுதான் செய்தீர்கள், தெரியும். ஆனால் மறைத்து வைத்ததால், உள்ளே ஒளிந்திருப்பது ஒரு கோழை என்று நான் நினைத்துவிட்டேன். இரண்டு மாதம் ஒரு கோழையைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்படி ஓர் ஆளே கிடையாது. அந்தக் கூட்டத்தில் தைரியமான ஆள் அவள்தான். இதை நவம்பரிலேயே தெரிந்துகொள்ள எனக்கு நீங்கள் இடம் கொடுக்கவில்லை.

கூட்டம் பிப்ரவரி 24. குழுவில் பாதிப்பேர் கோபன்ஹேகன் பக்கம். அது மாறவில்லை.

தோர்கில்


ஓர்ஹுஸ்,
2 பிப்ரவரி 1984

அன்புள்ள தோர்கில்,

லிஸ்பெத் வந்துவிட்டாள். ஸ்டுடியோ முழுக்க வெங்காய வாசம். உங்கள் தொப்பியைக் கழற்ற மறுக்கிறாள்.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியை ஒரு வாரம் மேசையில் வைத்திருந்தேன். முதல் நாள் கோபம், இரண்டாம் நாள் பதில், மூன்றாம் நாள் அந்தப் பதிலே எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது எழுதுவது அதற்குப் பிறகு வந்தது.

நான் முதலில் வேலை பார்த்தது கோபன்ஹேகனில், ஒரு பெரிய இடத்தில். வாடிக்கையாளர் கோபத்தோடு வந்தால் எங்கள் முதலாளி காபியோடு ஒரு பெயரையும் பரிமாறுவார். வந்தவர் காபியைக் குடிப்பார், பெயரை வாங்கிக்கொள்வார், சமாதானமாகப் போவார். அடுத்த வாரம் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். அங்கே யாரும் புதிதாக ஒன்றும் வரைய மாட்டார்கள். எல்லாரும் தப்பாகப் போக வழியில்லாததை மட்டும் வரைவார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான், என் கதவுக்குள் யாரும் பெயர் கேட்டு வாங்க முடியாது என்று வைத்தேன்.

நவம்பரில் உங்கள் கடிதம் வந்த அன்று இங்கே நடந்ததையும் சொல்கிறேன், இப்போது சொல்லலாம். லிஸ்பெத் ராஜினாமாவை எழுதிக்கொண்டு வந்து நின்றாள். நான் வாங்கவில்லை. கோர்ம் மேசையைத் தட்டினார். "ஒரு பேரத்தான கேக்குறாங்க? குடுத்துட்டு வேலையைப் பாக்கலாமே. எனக்கும் குடும்பம் இருக்கு" என்றார். நான், "சரி, உங்க பேரக் குடுத்துடட்டுமா?" என்று கேட்டேன். அவர் தன் மேசைக்குத் திரும்பிவிட்டார். ஆனால் ஜனவரியில் கப்பல் ஏற முதலில் வந்து நின்றவர் கோர்ம்தான். தன் கம்பளி மேல்சட்டையை லிஸ்பெத்திடம் கொடுத்ததும் அவர்தான். அப்படி நிற்கிறவர்களை வைத்துத்தான் நான் வேலை செய்கிறேன், அதில் எனக்குப் பெருமைதான்.

ஆனாலும் நீங்கள் சொன்னதில் ஒரு பாதி சரி. திட்டை மறைக்க நான் கட்டிய அலமாரியில் பாராட்டையும் சேர்த்துப் பூட்டிவிட்டேன். பன்னிரண்டு வருடமாக இங்கே வேலை செய்கிற கோர்மின் பெயர் வெளியே ஒருவருக்கும் தெரியாது. துறையில் லிஸ்பெத் தன் பெயரைச் சொன்னபோது அவள் குரலைக் கேட்டேன். அவள் பயந்தபடி சொல்லவில்லை. எப்போது சொல்வோம் என்று காத்திருந்த மாதிரி சொன்னாள்.

இனி ஒவ்வொரு வேலையின் கீழும் செய்தவர் பெயர் இருக்கும். ஆனால் அந்த இன்னொரு பாதியை நான் விடமாட்டேன். பாராட்டு அவர்கள் பெயருக்கு வரட்டும். திட்டு என் பெயருக்கு வரட்டும். இதற்கு நீங்கள் சம்மதித்தால்தான் நாம் சேர்ந்து வேலை செய்ய முடியும். உங்கள் குழுவிடமும் இதை அப்படியே சொல்லுங்கள்.

இனி லிஸ்பெத் கண்டுபிடித்தது. தாக்னி பொய் சொல்லவில்லை, அவர் கப்பலைப் பார்ப்பதே இல்லை. தபால்காரரும் பார்ப்பதில்லை. எல்லாரும் தங்கள் வேலையில் குனிந்திருக்கிறார்கள், கண்ணின் ஓரத்தில் ஏதோ தட்டுகிறது, உடனே கை அடுப்புக்குப் போகிறது. ஆக, தேடிப் பார்க்கிறவருக்குத் தெரிகிற நிறம் போதாது. வெங்காயத்தில் குனிந்திருக்கிறவரைத் தொட்டுக் கூப்பிடுகிற நிறம் வேண்டும். நாங்கள் ஜூனில் கப்பலை உட்கார்ந்து ரசித்தோம். உங்கள் ஊரில் கப்பலை ரசிக்கிறவர் ஒருவரும் இல்லை.

நீங்கள் எல்லாரும் பழைய சிவப்பைத் திரும்பக் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கொடுத்துவிட்டால் கூட்டமும் எங்கள் பக்கம் சாயும். ஆனால் லிஸ்பெத் அதில் சந்தேகப்படுகிறாள். குளிர்காலத்தில் பிற்பகல் மங்கியதும் சிவப்பு கறுத்துப் போகிறது என்கிறாள். அதனால் ஓர் உதவி வேண்டும். மூன்று பெரிய பலகைகள் அடுத்த சரக்கோடு வரும். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சளில் கறுப்புப் பட்டை. நாளுக்கு ஒன்றாகப் புகைபோக்கியில் கட்டச் சொல்லுங்கள், எது என்று தாக்னியிடம் சொல்லாமல். கண்ணில் பட்டதும் அவர் கரண்டியால் சட்டியைத் தட்டட்டும். சிவப்பு ஜெயித்தால் சிவப்பே பூசுகிறோம், நான் வாயைத் திறக்க மாட்டேன்.

ரிக்மோர்


ஸ்கார்ஹோல்ம்,
27 பிப்ரவரி 1984

அன்புள்ள ரிக்மோர்,

முதலில் பலகை. சிவப்பு கட்டிய நாளில் மத்தியானம் நன்றாகத் தட்டினாள். சாயங்காலப் பயணத்தில் கப்பல் துறையைத் தொட்ட பிறகும் சட்டி பேசவில்லை. வெள்ளையை அலை நுரை என்று நினைத்துவிட்டாள். மஞ்சள் கட்டிய அன்று மூடுபனி. நான் கடைக்கு வெளியே நின்று கடலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கே ஒன்றும் தெரியவில்லை. உள்ளே சட்டி கணீர் என்றது. அதற்குப் பிறகு எண்ணிப் பார்க்கிற அளவுக்கு நேரம் கழித்துத்தான் சங்கு வந்தது. பிறகு மூன்றையும் இன்னொரு சுற்று மாற்றிக் கட்டினோம். அப்போதும் அதேதான்.

தாக்னிக்குத் தன்மேலேயே கோபம். "பொறந்ததுலேருந்து செவப்பத்தான் நம்பினேன். இந்தக் கண்ணு என்னக் கேக்காம மஞ்சளுக்குப் போயிடுச்சே" என்கிறாள்.

கூட்டம். கோபன்ஹேகன் ஆட்கள் பளபளப்பான ஒரு கனத்த புத்தகம் அனுப்பியிருந்தார்கள். அதில் எங்கள் தீவின் படம் இருந்தது, வெயிலில் எடுத்தது. ஹோல்கர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பேசத் தெரிந்தவன் இல்லை. உங்கள் நவம்பர்க் கடிதத்தை எடுத்து முதல் வரியை மட்டும் படித்தேன். 'நீங்கள் சொன்னது சரி.' அதற்குப் பிறகு, எங்கள் கடிதம் போய்ச் சேர்ந்து சில நாளுக்குள் இந்த வரி வந்தது என்றேன். வருகிற வருடங்களில் இன்னும் எவ்வளவோ தப்பு நடக்கும், அப்போது இப்படி எழுதுகிறவர் நமக்கு வேண்டுமா, இந்தப் புத்தகத்தை அச்சடித்தவர் வேண்டுமா என்று கேட்டேன். பாராட்டு, திட்டு பற்றிய உங்கள் நிபந்தனையையும் சொன்னேன். பள்ளிக்கூட ஆசிரியை அதைத் தன் வகுப்பிலும் வைக்கலாம் என்றார்.

ஹோல்கர் மஞ்சள் பலகையைப் பார்த்துவிட்டு, "ஓர்ஹுஸ் டவுன் பஸ் வழி தவறி கடல்ல எறங்கின மாதிரி இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவர்தான் முதலில் கையைத் தூக்கினார். ஒரு கை அதிகத்தில் நீங்கள் தங்கிவிட்டீர்கள்.

கப்பலின் உடம்பு அந்தச் சாம்பலாகவே இருக்கட்டும் என்று எவால்டு சொல்கிறார். அதன்மேல்தான் மஞ்சள் எடுக்கிறதாம். அவர் எதையும் பாராட்டி நான் கேட்டதில்லை, அதனால் இதை லிஸ்பெத்திடம் தனியாகச் சொல்லுங்கள். புகைபோக்கி ஈஸ்டருக்குள் பூசியாக வேண்டும்.

இந்தச் சரக்கில் ஒரு மரப்பெட்டி வருகிறது. புகையில் வாட்டிய விலாங்கு, ஹோல்கரின் கடையிலிருந்து. பெட்டியில் லிஸ்பெத்தின் பெயர் எழுதியிருக்கிறது. உங்களுக்கு அதில் பங்கு இல்லை.

உங்களுக்கு வேறு ஒன்று வைத்திருக்கிறேன். கால அட்டவணையின் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. தாக்னியால் கண்ணாடி போட்டுக்கொண்டும் படிக்க முடியவில்லை, ஞாயிற்றுக்கிழமை நேரத்தை ஊரே தப்பாகப் படித்து, பாதிரியார் கப்பலைத் தவறவிட்டார். ஆடம்பரமாக வரைந்து அனுப்பினால் போதுமா? பார்த்து அனுப்ப வேண்டாமா? நீங்கள் கேட்டுக்கொண்டபடி உங்கள் பெயருக்கே எழுதியிருக்கிறேன்.

தோர்கில்


ஓர்ஹுஸ்,
5 மார்ச் 1984

அன்புள்ள தோர்கில்,

பெட்டி வந்தது. நேற்று நோன்புக்கு முந்திய ஞாயிறு, அதனால் இன்று காலை மேசையில் கிரீம் வைத்த பன்னும் இருந்தது. நடுவில் உங்கள் விலாங்கு. லிஸ்பெத் தன் பெயர் எழுதிய மூடியைத் தனியாகக் கழற்றித் தன் மேசைமேல் வைத்துவிட்டு, மீனை எல்லாருக்கும் அறுத்தாள். தொப்பியோடுதான் அறுத்தாள். எவால்டு சொன்னதைத் தனியாகச் சொன்னேன். கத்தியை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். பிறகு திரும்பி வந்து, எனக்குப் பங்கு இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை நினைவூட்டி, வால் துண்டை வைத்தாள். நல்ல வால்.

ராஜினாமாக் கடிதத்தை நான் அன்று வாங்கவில்லை அல்லவா, அது அவளிடமே இருந்ததாம். விலாங்கின் முள்ளை அதில் சுற்றிக் குப்பையில் போட்டாள்.

உங்கள் புகாரைச் சத்தமாகப் படித்தேன். கோர்மின் காது சிவந்தது. நான் யாரையும் பார்க்கவில்லை. கடிதத்தின் அந்தப் பகுதியை வெட்டி என் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டேன். நீங்கள் சொன்னது சரி. பார்க்காமல் அனுப்பினேன். பாதிரியாரிடம் என் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள்.

புதிய கால அட்டவணை இதனுடன் வருகிறது. அச்சுக்குப் போகும் முன் தாக்னியின் கடையில், அவர் நிற்கும் இடத்திலிருந்து கை எட்டாத தூரத்தில் மாட்டி, கண்ணாடி இல்லாமல் படிக்கச் சொல்லுங்கள். படிக்க முடியவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள்.

படிக்க முடிந்தால், வலது ஓரத்தில் கீழே பாருங்கள். எழுத்து: கோர்ம் ராஸ்க். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் தன் பெயரை வரைந்திருக்கிறார். மற்ற எழுத்துகளை ஒரு நாளில் முடித்தவர், அந்த ஒரு வரிக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டார். சாஸேஜ் ஏதாவது அனுப்புவதாக இருந்தால் பெட்டியில் அவர் பெயரை எழுதுங்கள்.

ரிக்மோர்